ஆர்.சி. காலாவதியான வண்டிக்கு அடுக்ககத்தில் இடம் உண்டா?

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலுக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்கும் நடுவே சில இடங்களில் இப்படி ஒரு சுற்றறிக்கையும் ஒட்டப்படுகிறது: வாடகைக்கு இருப்போர் தங்கள் வாகனத்தின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை அசோசியேஷனில் தர வேண்டும். பதிவுக் காலம் முடிந்த வண்டிக்கு ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லாமல் நிறுத்தினால் சக்கரம் பூட்டப்படும்.

பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. சட்டப்படி செல்லாத வண்டிக்கு நம் வளாகத்தில் ஏன் இடம் தர வேண்டும் என்று கேட்கும் செயலாளர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவரது சுற்றறிக்கையில் மூன்று வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வண்டியின் பதிவு எதற்கான அனுமதி? அது நிற்கும் இடம் யாருடையது? அந்த வண்டியின் மேல் கைவைக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மூன்றுக்கும் சட்டம் தரும் விடைகள் தனித்தனியானவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஆர்.சி. தேதியை வைத்து வாடகைதாரரின் வண்டியை வெளியேற்றும் விதிக்குப் பிடிமானம் குறைவு என்பது தெரியும். சங்கங்கள் கவலைப்பட வேண்டிய உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருப்பதும் புரியும்.

பதிவு எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 39-ஆம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ யாரும் ஓட்டக் கூடாது, ஓட்டும்படி உரிமையாளர் விடவும் கூடாது என்கிறது அது. மீறினால் 192-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ. தண்டனை ஓட்டுவதற்கும் ஓட்ட விடுவதற்கும்தான். ஒருவர் தன் வண்டியை அணைத்து, பூட்டி, தனக்கு உரிமையுள்ள இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதை இந்தப் பிரிவு குற்றமாக்கவில்லை. அதே வண்டியை ஸ்டார்ட் செய்து வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்தால் சிக்கல் தொடங்குகிறது. ‘வேறெந்த இடத்திலும்’ என்பதற்குள் அடுக்ககத்தின் உள்சாலையும் அடங்கும்.

சொந்த உபயோகத்துக்கான கார், இருசக்கர வாகனங்களின் பதிவு, 41-ஆம் பிரிவின்படி 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2010-இல் பதிவான ஸ்கூட்டருக்கு 2025-இல் கெடு வருகிறது. புதுப்பிக்க, படிவம் 25-ஐ நிரப்பிக் கட்டணம் கட்டி, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். மக்கள் வழக்கில் இதற்குப் பெயர் எஃப்.சி. காட்டுவது, ஆய்வாளருக்குப் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர்.

இந்தப் புதுப்பிப்பு முன்பு அத்தனை செலவு வைத்ததில்லை. 2022 ஏப்ரல் 1-இல் கார்களுக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கும், மோட்டார் சைக்கிள்களுக்கு 300-இலிருந்து 1,000 ரூபாய்க்கும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு இதை இரட்டிப்பாக்கியது: காருக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 2,000. இதற்கு மேல் பசுமை வரி, புது டயர், பிரேக் வேலை, விளக்குகள், மங்கிய பெயின்டுக்கு ஒரு பூச்சு என்று செலவு ஏறுகிறது. பழைய ஸ்கூட்டரை இந்தச் செலவுக்குப் பிறகு விற்றால் போட்ட பணம்கூடத் தேறாது. பதிவைப் புதுப்பிக்காமல் ஒருவர் தள்ளிப்போடுவதற்குச் சட்டத்தை மதிக்காத மனப்பான்மையே காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக் கூடாது.

இடம் யாருடையது?

இரண்டாவது கேள்வி நிலத்தைப் பற்றியது. அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடம் குறித்து இந்தியாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு 2010 ஆகஸ்ட் 31-இல் வந்தது. மும்பையின் தஹிசார் பகுதியில் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் நஹல்சந்த் லாலுசந்த் என்ற கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. தூண்களுக்கு இடையிலான 25 நிறுத்துமிடங்கள் தனக்கே சொந்தம் என்றது நிறுவனம். தூண்தளம் ‘கராஜ்’ ஆகாது, அது பொதுப் பகுதியே, கட்டியவர் அதைத் தனியாக விற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு என்றாலும், அதன் எதிரொலி நாடு முழுவதும் கேட்டது. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் வைத்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதை மட்டும் கராஜ் என்று வரையறுத்தது.

தமிழ்நாட்டில் 1994-இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக, 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பல சங்கங்கள் 1975-இன் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தாலும் சங்கத்தின் வேலை பொதுப் பகுதிகளைப் பராமரிப்பதும் அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதும்தான். யாருக்கு எந்த ஸ்லாட், விசிட்டர் பார்க்கிங்கில் எவ்வளவு நேரம், வளாகத்துக்குள் என்ன வேகம், எங்கே கழுவலாம் என்பவை அந்த வேலைக்குள் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தைச் செயல்படுத்துவது அதற்குள் வராது.

வாடகைதாரரின் உரிமை வீட்டு உரிமையாளரின் வழியாக வருகிறது. ‘கவர்டு கார் பார்க்கிங்குடன்’ என்று விளம்பரம் செய்து, அதற்கும் சேர்த்தே வாடகை பேசப்படுகிறது. அந்த ஸ்லாட்டை உரிமையாளர் எப்படிப் பயன்படுத்தலாமோ அப்படியே, ஒப்பந்தக் காலம் முழுவதும் வாடகைதாரரும் பயன்படுத்தலாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. குடியிருப்பவருக்கான அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதையும் தடுக்கிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் அந்த வசதிகளைப் பட்டியலிடும்போது தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் வரிசையில் வாகன நிறுத்துமிடத்தையும் சேர்த்திருக்கிறது. தண்ணீர்க் குழாயை அடைப்பதற்கு எவ்வளவு தயங்குவோமோ, ஒருவருக்கு ஒதுக்கிய ஸ்லாட்டை மறிப்பதற்கும் அவ்வளவு தயங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

எனவே ஒரு விதி செல்லுமா என்று பார்க்க எளிய உரைகல் ஒன்று உண்டு. அதே விதி அதே ஸ்லாட்டில் நிற்கும் வீட்டு உரிமையாளரின் வண்டிக்கும் பொருந்துகிறதா? பொருந்தும் என்றால் அது ஒழுங்குமுறை. வாடகைதாரருக்கு மட்டும் என்றால் அது பாகுபாடு. தரைத்தளத்தில் உறைபோட்டு மூடி வைத்திருக்கும் உரிமையாளரின் பழைய அம்பாசிடரிடம் யாரும் ஆர்.சி. கேட்பதில்லை. அடுத்த தூணருகே நிற்கும் வாடகைதாரரின் பழைய பைக்கின் எண்ணை மட்டும் எம்-பரிவாகன் செயலியில் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் செயலியில் பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் கடைசித் தேதிகளும் எவருக்கும் தெரிகின்றன. உரிமையாளர் பெயர் மட்டும் பாதி மறைக்கப்பட்டிருக்கும். ஒரு தகவல் கைக்கு எட்டுகிறது என்பதாலேயே அதை வைத்துத் தண்டிக்கும் அதிகாரமும் வந்துவிடாது.

பூட்டும் கை யாருடையது?

மூன்றாவது கேள்விக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு நேரடியாக விடை தருகிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு நிற்கும் வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ அனுமதி தரலாம். அந்த அனுமதியைத் தர வேண்டியவர் அந்தப் பகுதிக்கு அதிகாரம் உள்ள, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி. சக்கரப் பூட்டு என்ற கருவியைச் சட்டம் குறிப்பிட்டே சொல்லியிருக்கிறது. அதைப் பூட்ட யார் அனுமதி தரலாம் என்பதையும் சொல்லியிருக்கிறது. செக்யூரிட்டியும் செயலாளரும் அந்த வரியில் இல்லை.

அடுக்ககத்தின் உள்ளே காவல் துறையின் இந்த அதிகாரம் செல்லுமா என்பது, அந்த இடம் ‘பொது இடமா’ என்பதைப் பொறுத்தது. பொதுமக்களுக்கு நுழைய உரிமையுள்ள சாலை, தெரு, பிற இடங்கள் என்று 2(34)-ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது. 2025 ஆகஸ்ட் 29-இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் இருந்த சரக்கு முற்றத்தில் மட்டும் ஓடிய 36 வாகனங்களுக்கு ஆந்திர அரசு வாகன வரி கேட்ட வழக்கு அது. மூடிய வளாகத்தில், அனுமதி பெற்றவர் மட்டும் நுழையும் இடத்தில் இயங்கும் வண்டிகள் பொது இடத்தில் பயன்படுத்தப்படுபவை ஆகா, எனவே வரி இல்லை என்றது நீதிமன்றம். வரிச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் வாயிற்காவலும் பதிவேடும் உள்ள அடுக்ககத்தின் தன்மையை யோசிக்க அது உதவும். கேட்டில் பெயர் எழுதாமல் யாரையும் விடமாட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் சங்கம், அதே வளாகத்தைப் பொதுச் சாலை போலக் கருதிச் சாலைச் சட்டத்தை அமல்படுத்த முனைவது முரண்.

தானாகச் சக்கரத்தைப் பூட்டும் சங்கம் சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டுக் கோரிக்கையையும் காவல் நிலையத்தில் புகாரையும் வரவழைத்துக்கொள்கிறது. பூட்டிய சக்கரத்தால் நள்ளிரவில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் போனால் யார் பொறுப்பேற்பது? ஆர்.சி. தேதி முடிந்ததற்கு அரசு விதிக்கும் அபராதத்தைவிடப் பெரிய தண்டனையை ஒரு குடியிருப்புச் சங்கம் விதிக்கக் கூடாது.

டெல்லி காட்டுவது

பதிவும் நிறுத்துமிடமும் எவ்வளவு சிக்கலாகப் பின்னிக்கொள்ளும் என்பதற்கு டெல்லி ஓர் எச்சரிக்கை. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் ஓடவும் பொது இடங்களில் நிற்கவும் 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2015-இல் டீசல் வண்டிகளுக்கு 10 ஆண்டு வரம்பு வந்தது. 2018 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடைகளை உறுதிசெய்தது. 2023-இல் போக்குவரத்துத் துறை வண்டிகளை அள்ளிச் சென்றபோது, ஓடாமல் வீட்டருகே நின்றவற்றையும் எடுத்துப் போனதாக உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். டெல்லியில் ஓட்டமாட்டோம், பொது இடத்தில் நிறுத்தமாட்டோம் என்ற உறுதிமொழியின் பேரில் வண்டிகளைத் திருப்பித் தர வழிவகுத்த நீதிமன்றம், இதற்கென்று ஒரு கொள்கை வகுக்கவும் சொன்னது.

அந்தக் கொள்கை 2024 பிப்ரவரியில் வெளியானது. சொந்தத் தனியிடத்தில் நிறுத்துவோருக்கு வண்டியைத் திருப்பித் தரலாம் என்றது. கூடவே, குடியிருப்பு வளாகத்துக்குள் ஒதுக்கப்பட்டதாகவே இருந்தாலும் பகிர்ந்துகொள்ளும் நிறுத்துமிடம் தனியிடம் ஆகாது என்றும் சொன்னது. தனி பங்களாவில் வசிப்பவரின் பழைய கார் பாதுகாப்பாக நிற்கும். அடுக்ககத்தில் வசிப்பவரின் கார் நிற்காது. வண்டி ஒன்றே, புகை ஒன்றே. வசிக்கும் வீட்டின் வகை மட்டும் வேறு. 2025 ஆகஸ்ட் 12-இல் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 புகை வரையறைக்கும் அதற்குப் பிந்தைய வரையறைக்கும் உட்பட்ட வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது.

தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிகளுக்கு இத்தகைய வயதுத் தடை இல்லை. 15 ஆண்டு முடிந்த வண்டி இங்கே தகுதி காட்டி மறுபதிவு பெறலாம். ‘15 வருஷம் ஆயிற்றென்றால் ஸ்கிராப்தான்’ என்று டெல்லிச் செய்தியைப் படித்துவிட்டுப் பொதுக்குழுவில் பேசுவது நம் மாநிலத்துக்குப் பொருந்தாது.

சங்கத்தின் அச்சம் பொய்யல்ல

இவ்வளவையும் சொன்னபின், மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. தூண்தளத்தின் மூலையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஒரு காரை அருகில் போய்ப் பார்த்தால் சங்கத்தின் கோபம் புரியும். நான்கு டயரும் காற்றிறங்கி, ரிம் தரையைத் தொட்டிருக்கும். வைப்பருக்கு அடியில் சருகுகள் மக்கிக் கிடக்கும். அடியில் எண்ணெய்க் கறை விரிந்து, அதன் மேல் புழுதி படிந்து, துடைப்பம் போகாத ஒரு தீவாகிவிட்டிருக்கும். பம்பரின் பள்ளத்தில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழு நெளியும். டெங்குக் காலத்தில் மாநகராட்சி ஊழியர் வந்து பார்த்தால் அடுக்ககத்துக்குத்தான் நோட்டீஸ். வீட்டைக் காலி செய்து போனவரின் கைபேசி எண் மாறியிருக்கும். அடுத்துக் குடிவந்தவர் தன் ஸ்லாட்டைக் கேட்டுச் சங்கத்தின் வாசலில் நிற்பார்.

சென்னைக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளங்களும் அடித்தளங்களும் மூழ்கின. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். அப்படி அவசரமாக வண்டிகளை வெளியேற்ற வேண்டிய இரவில், நகராத ஒரு கார் சரிவுப்பாதையை அடைத்து நின்றால் பின்னால் நிற்கும் பத்துக் கார்கள் சிக்கிக்கொள்ளும்.

இந்த ஆபத்துகள் எல்லாம் வண்டியின் நிலையிலிருந்து வருபவை, ஆர்.சி. தேதியிலிருந்து வருபவை அல்ல. பதிவு இன்னும் எட்டு ஆண்டு செல்லுபடியாகும் கார்கூட, உரிமையாளர் வெளிநாடு போய்விட்டால், இரண்டே பருவமழையில் அந்த நிலைக்கு வந்துவிடும். பதிவு முடிந்து மூன்று வாரமான, நேற்றுவரை அலுவலகம் போய்வந்த ஸ்கூட்டரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆர்.சி. தேதியை அளவுகோலாக வைக்கும் விதி முதலாவதைத் தப்பவிட்டு இரண்டாவதைப் பிடிக்கிறது.

ஆர்.சி. முடிந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது என்ற அச்சத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. அந்த நஷ்டமும் வண்டிக்காரருக்குத்தான். 2021 செப்டம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், தற்காலிகப் பதிவு முடிந்த பொலேரோ ஒன்று ஜோத்பூரில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது 2011 ஜூலையில் திருடு போனது. பதிவு முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. பதிவில்லாத வண்டியை வேறு ஊருக்கு ஓட்டிச் சென்று, தன் இடமல்லாத ஓரிடத்தில் இரவு முழுக்க நிறுத்தியது காப்பீட்டு நிபந்தனையின் அடிப்படை மீறல், எனவே இழப்பீடு இல்லை என்றது நீதிமன்றம். ஆர்.சி. முடிந்த வண்டியை வைத்திருக்கும் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் இந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். சங்கம் செய்யக்கூடிய உதவி அதுதான்: பயமுறுத்துவதற்குப் பதில் நினைவூட்டுவது.

வாடகைதாரர் ஏன் அதிகம் மாட்டுகிறார்?

ஆர்.சி. காலாவதியாவது எல்லாருக்கும் நேர்வது; அதைச் சரிசெய்வது வாடகைதாரருக்குத்தான் கடினம். முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 49-ஆம் பிரிவு. பதினொரு மாத ஒப்பந்தங்களில் வீடு மாறிக்கொண்டே இருப்பவரின் ஆர்.சி.யில் மூன்று வீட்டுக்கு முந்தைய முகவரி இருக்கும். புதிய முகவரிக்குச் சான்று கேட்டால் பதிவான ஒப்பந்தம் வேண்டும். அதைப் பதிவு செய்து தர வீட்டு உரிமையாளர் தயங்குவார்.

பிற மாநிலத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்கு வேலைக்கு வந்தவருக்கு இன்னொரு முடிச்சு. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் 47-ஆம் பிரிவின்படி இங்குள்ள எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்ட வேண்டும். பதிவுக் காலமும் முடிந்துவிட்டால், ஒரு வேலையை முடிக்காமல் மற்றது நகராது. வண்டி ஓர் ஊரில், கோப்பு இன்னோர் ஊரில். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருக்கும் மொபெட் என்றால் வாரிசுச் சான்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நடைமுறைகள் முடிய மாதங்கள் ஆகலாம். அதுவரை ஓட்டக் கூடாத அந்த வண்டியைச் சட்டத்தை மதிப்பவர் எங்கே வைப்பார்? தன் ஸ்லாட்டில்தான். சங்கம் அங்கிருந்து அதை விரட்டினால் அது தெருவுக்குப் போகும். தெருவில் அது 127-ஆம் பிரிவுக்கு இலக்காகும். கொண்டுபோகும் வழியில் 39-ஆம் பிரிவை மீறியதாகவும் ஆகும். சட்டத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் சுற்றறிக்கை, சட்டத்தை மதித்து வண்டியை நிறுத்தி வைத்தவரைச் சட்டத்தை மீற வைக்கிறது. பொதுக்குழுவில் வாக்கில்லாத ஒருவரால் இதை எதிர்த்துத் தீர்மானமும் கொண்டுவர முடியாது.

அமெரிக்காவில் எழுதப்பட்ட விடை

அமெரிக்காவில் அடுக்ககங்களின் வாகன நிறுத்துமிடங்களிலிருந்து தனியார் நிறுவனங்கள் வண்டிகளை இழுத்துச் செல்வது பெரிய தொழில். பதிவு ஸ்டிக்கரில் தேதி முடிந்ததைக் காரணம் காட்டி, தூங்கும் நேரத்தில் வண்டிகள் மறைந்துபோவது அங்கே வாடகைதாரர்களின் நீண்டகாலக் குறை. கொலராடோ மாநிலம் 2022-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பதிவு காலாவதி என்ற ஒரே காரணத்துக்காகத் தனியார் இடத்திலிருந்து வண்டியை இழுப்பதை அது தடை செய்தது. குடியிருப்பு வளாகங்களில் பெரும்பாலான சூழல்களுக்கு 24 மணி நேர எழுத்து முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. கட்டணத்தில் 15 விழுக்காட்டை, அதிகபட்சம் 60 டாலரைக் கட்டினாலே வண்டியைத் திரும்பப் பெறவும் வழி செய்தது.

கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் வேறு கோணத்திலிருந்து அதே இடத்துக்கு வருகிறது. இடத்தின் உரிமையாளர் வண்டியை அகற்றலாம் என்று அது சொல்லும் சூழல்களில் ஒன்று, இன்ஜின், கியர் பெட்டி, சக்கரம், டயர், கதவு, முன்கண்ணாடி போன்ற முக்கிய உறுப்பு இல்லாத வண்டி. அப்போதும் காவல் துறைக்குத் தெரிவித்து 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தச் சூழலில் அளவுகோலாக இருப்பது வண்டியின் உடல்நிலை. நம் சங்கங்களுக்கும் அதுவே பொருத்தமான அளவுகோல்.

எழுத வேண்டிய விதி

ஒரு சங்கம் தன் துணைவிதியில் என்ன எழுதலாம்?

முதலாவதாக, ஸ்டிக்கர் ஸ்லாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதற்கு வீட்டு உரிமையாளரின் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ போதும். ஆர்.சி. நகலை வண்டி எண்ணையும் உரிமையாளரையும் சரிபார்க்க வாங்கலாம். அதிலுள்ள தேதியை அனுமதிக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது.

இரண்டாவதாக, ‘கைவிடப்பட்ட வண்டி’ என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய அடையாளங்களால் வரையறுக்க வேண்டும்: காற்றில்லாத டயர், ஒழுகும் எரிபொருள் அல்லது எண்ணெய், உடைந்த கண்ணாடி, தேங்கிய நீர், தள்ளினாலும் நகராத சக்கரம். இந்த வரையறை உரிமையாளர் வண்டிக்கும் வாடகைதாரர் வண்டிக்கும் ஒன்றே.

மூன்றாவதாக, எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வண்டியில் ஒட்டுவதோடு வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் தனித்தனியாக அனுப்பி, சரிசெய்ய 30 நாளாவது விட வேண்டும். எரிபொருள் ஒழுகுவது போன்ற உடனடி ஆபத்தை மட்டும் அன்றே கவனிக்கலாம். ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் கெடுவை நீட்டிக்க வேண்டும்.

நான்காவதாக, வீட்டைக் காலி செய்யும்போது வண்டியும் வெளியேறியதை வீட்டு உரிமையாளர் உறுதி செய்ய வேண்டும். அட்வான்ஸைத் திருப்பித் தரும் முன் ஸ்லாட்டை நேரில் பார்ப்பது அவர் பொறுப்பு. அனாதையாக நிற்கும் வண்டிகள் பல, இந்த ஒரு வேலை நடக்காததால் வந்தவை.

ஐந்தாவதாக, நோட்டீஸுக்குப் பதிலே வராத வண்டியைச் சங்கம் தானாகப் பூட்டவோ பழைய இரும்புக்கு விற்கவோ கூடாது. வண்டி எண்ணோடு காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். திருட்டு வண்டியாகவோ வழக்கில் தொடர்புடையதாகவோ இருந்தால் அங்கேதான் தெரியவரும். உரிமையாளர் கிடைத்து அவருக்கும் வண்டி வேண்டாம் என்றால், 2021-இன் வாகன அழிப்பு விதிகளின்படி பதிவு பெற்ற மையத்தில் ஒப்படைத்து, அதற்கான சான்றைப் பெற்றுப் பதிவை ரத்து செய்யலாம். அவர் கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தின் வழிதான். மெதுவான வழி, ஆனால் பின்னால் யாரும் சங்கத்தின் மீது திருட்டுப் புகார் தர முடியாத வழி.

வாடகைதாரர்களுக்கும் கடமை உண்டு. ஒப்பந்தத்தில் ஸ்லாட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள கடைசித் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தேதி முடிந்துவிட்டால் வளாகத்துக்குள்கூட ஓட்டாதீர்கள். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைக் கழுவி, டயரில் காற்றடைத்து, தள்ளினால் நகரும் நிலையில் வைத்திருங்கள். இனி ஓட்டப்போவதில்லை என்றால் தாமதிக்காமல் ஒப்படைத்துவிடுங்கள். அண்டை வீட்டாரின் பொறுமைக்கு நாம் தரும் விலை அது.

பெருநகரங்களில் அடுத்த தலைமுறையும் பெருமளவில் அடுக்ககங்களில்தான் வாழப்போகிறது. அவர்களில் பலர் வாடகைக்குத்தான் இருப்பார்கள். அரசாங்கத்துக்கும் குடிமகனுக்கும் இடையே சங்கம் என்ற மூன்றாவது அமைப்பு அவர்களுடைய அன்றாடத்தை ஆளும். அது தன் எல்லையை அறிந்து ஆள வேண்டும். ஆர்.சி. தேதியைக் கேட்பது சாலையில் நிற்கும் காவலரின் வேலை. இடத்தைப் பகிர்ந்து தருவதும், ஆபத்தைத் தடுப்பதும், வாக்கில்லாதவரையும் அண்டை வீட்டாராக நடத்துவதும் சங்கத்தின் வேலை. சக்கரம் பூட்டப்படும் என்ற வரி எந்தத் துணைவிதியில் இருந்தாலும், அடுத்த பொதுக்குழுவில் முதல் தீர்மானமாக அதை நீக்க வேண்டும்.